பிள்ளைக்கு முதல் கோல்ஃப் ஸ்டிக்: வாசகர் கேள்வி, பதில்

நம் பிள்ளைகள் போய் ஆடுவதற்கு இந்தக் கரையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. இருந்தும் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாக்கள் அங்கே ஆடிப் பழகிவிட்டு ஊருக்குச் சாமான் அனுப்புகிறார்கள். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் மாற்றலாகி வந்த கடற்படை, கடலோரக் காவல்படைக் குடும்பங்களும் கேட்கின்றன. சென்னையில் ஸ்டிக் பழுதுபார்க்கும் பட்டறையில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் இந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த இதழில் பிள்ளைகளுக்கான சாமான் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மகனுக்கு ஏழு வயது. என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், அங்கே கோல்ஃப் ஆடப் பழகியிருக்கிறார். தன் பழைய செட்டை அறுத்துச் சின்னதாக்கி அனுப்பட்டுமா, இல்லை பையோடு பத்து ஸ்டிக் புதிதாக வாங்கட்டுமா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும் காக்கா?
– ஒரு வாசகி, கீழக்கரை

இரண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள் தங்கச்சி.

முதலில் அறுக்கும் விஷயம். பெரியவர்கள் ஆடும் செவன் அயர்ன், அதாவது நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கும் உலோகத் தலை ஸ்டிக், 94 செ.மீ. அளவில் இருக்கும். ஷாஃப்ட் என்கிற நீளத் தண்டு ஸ்டீல் என்றால் எடை 400 கிராமைத் தாண்டும். அதில் பெரும்பங்கு கீழே, பந்தை அடிக்கும் தலையில்தான். மேலே எவ்வளவு அறுத்தாலும் அந்தத் தலை குறையாது. ஷாஃப்ட்டும் குட்டையாகக் குட்டையாக விறைப்பாகிவிடும், பிள்ளையின் பலத்துக்குத் துளிகூட வளைந்து கொடுக்காது. போதாததற்கு அப்பாவின் கைக்குப் போட்ட கைப்பிடி உறையையே, அதாவது கிரிப்பையே, மறுபடி மாட்டிவிடுவார்கள், பிள்ளையின் விரல்கள் அதைச் சுற்றி வளைக்கவே மாட்டா.

பாரமான ஸ்டிக்கைச் சுழற்றும் பிள்ளையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எல்லாம் தெரியும். தூக்கும்போதே முதுகு பின்னால் வளையும். உச்சியில் மணிக்கட்டு தொய்ந்து ஸ்டிக் முதுகில் வந்து படும். இறக்கும்போது பிள்ளை ஸ்டிக்கை இழுக்காது, ஸ்டிக்தான் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும். நீளமும் கூடுதலாக இருந்தால் தலையின் மூக்கு தரையை விட்டு மேலே தூக்கிக்கொள்ளும், பந்து ஒரு பக்கமாகவே ஓடும். பிள்ளை மேல் தப்பே இல்லை, ஆனால் உடம்பு அதையே பழகிக்கொள்ளும். பிறகு அதை மாற்றுவதற்கு எத்தனை பாடு என்பதைப் பயிற்சியாளர்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன்.

சிறுவர் ஸ்டிக் வேறு மாதிரி. தலை லேசு, கிராஃபைட் ஷாஃப்ட் மெல்லிசு, கிரிப் ஒல்லி, பந்து சட்டென்று மேலே எழும்புகிற மாதிரி முகச் சாய்வும் கூடுதல். அதை வயதைச் சொல்லி வாங்காதீர்கள். ஏழு வயதில் 112 செ.மீ. பிள்ளையும் உண்டு, 128 செ.மீ. பிள்ளையும் உண்டு. மகனைச் சுவரோடு நிறுத்தி, தலையில் ஒரு நோட்டை மட்டமாக வைத்துக் கோடு போட்டு, செ.மீ. கணக்கை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புங்கள். நல்ல சிறுவர் ஸ்டிக்குகளில் எந்த உயரத்துக்கு என்று போட்டே இருக்கும். கையில் கிடைத்ததும் நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். செவன் அயர்னை மகன் பக்கத்தில் நேராக நிறுத்தினால் இடுப்பளவுக்கு வர வேண்டும், தொப்புளைத் தாண்டினால் நீளம். அடுத்து, ஒரே கையால் கிரிப்பின் நுனியைப் பிடித்து ஸ்டிக்கைத் தனக்கு முன்னால் நேராக நீட்டச் சொல்லுங்கள். பத்து எண்ணும்வரை கை நடுங்காமல் நின்றால் அது அவனுக்கான எடை. நடுங்கினால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை வாங்குவது? விதிப்படி ஓர் ஆட்டக்காரர் 14 வரை வைத்துக்கொள்ளலாம். அது உச்சவரம்பு, இத்தனையாவது வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் மகனுக்கு ஒரு செவன் அயர்ன், கிட்டத்தில் பந்தை உயரத் தூக்கிப் போடும் வெட்ஜ் ஒன்று, பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் பட்டிங் ஸ்டிக் ஒன்று, தூரத்துக்கு ஒரு ஹைப்ரிட். நான்கு போதும். பெரிய தலை வைத்த டிரைவர் ஸ்டிக்கைத்தான் எல்லாப் பிள்ளையும் முதலில் கேட்கும். ஒரு வருஷம் போகட்டும். இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளர்கிறார்கள். சிறுவர் செட்டுகளில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் சுமார் 7.5 செ.மீ. உயர வித்தியாசம் வைக்கிறார்கள். ஒரு செட் ஒன்றேகால், ஒன்றரை வருஷம் வரும், அவ்வளவுதான். பத்து ஸ்டிக் வாங்கினால் பத்தும் சேர்ந்து குட்டையாகிப் போகும். நான்கு ஸ்டிக் என்றால் அவர் ஊருக்கு வரும்போது பெரிய பெட்டியில் குறுக்காக வைத்தே கொண்டுவந்துவிடலாம்.

அவருடைய பழைய செட்டில் ஒன்றே ஒன்றை அறுக்கலாம், அது பட்டிங் ஸ்டிக். அதில் ஷாஃப்ட் வளையும் வேலையே இல்லை, தலை கொஞ்சம் பாரமாக இருந்தாலும் உருட்டுவதற்கு நல்லதுதான். மகன் குனிந்து நிற்கும்போது கை இயல்பாகத் தொங்கும் இடத்தில் அடையாளம் வைத்து, நாலு விரற்கடை கூட விட்டு அறுக்கச் சொல்லுங்கள். டபுள் சைடு டேப் சுற்றி, டர்பன்டைன் தடவினால் புது கிரிப் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். சிறுவர் கிரிப்பையே கேட்டு வாங்கட்டும்.

என் மகன் இடது கையால் எழுதுகிறான், கிரிக்கெட்டில் வலது கை ஆட்டம். எந்த ஸ்டிக் வாங்குவது?
– ஒரு வாசகர், மண்டபம்

வலது. எழுதும் கையைப் பார்க்காதீர்கள், மட்டையைச் சுழற்றும் பக்கத்தைப் பாருங்கள். இன்னும் கிரிக்கெட் மட்டையே பிடிக்காத சின்னப் பிள்ளை என்றால் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, தரையில் கிடக்கும் டென்னிஸ் பந்தைத் தள்ளச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லித் தராமல் நாலைந்து தடவை வேடிக்கை பாருங்கள், எந்தப் பக்கம் இயல்பாக வருகிறதோ அதுதான் பக்கம். அயர்னுக்கு ஒரே முகம், திருப்பிப் பிடித்து ஆட முடியாது. அதனால் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஆறாம், ஏழாம் வகுப்பில் இருபது பிள்ளைகளுக்குக் கோல்ஃப் சொல்லித்தர ஆசை. ஒரு நல்ல மனிதர் சின்னத் தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு முழு செட் வாங்கலாமா சார்?
– ஓர் ஆசிரியர், தொண்டி

இந்தக் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன் சார். நம் கரையில் ஒரு பள்ளியில் இது நடக்கப்போகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

முழு செட் வேண்டாம். இரண்டு பையன்கள் ஆட, பதினெட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். முதலில் இருபது பேரையும் அளந்து குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வோர் அளவிலும் இரண்டு செவன் அயர்ன் வாங்குங்கள், அது ஆறு. இடது கைக்காரப் பிள்ளை ஒன்றாவது இருக்கும், அதற்கென்று ஒன்று. பட்டிங் ஸ்டிக் நாலு, அவை பழையதாகவே இருக்கலாம். பெரிய ஊர்க் கிளப்புகளில் உறுப்பினர்கள் ஒதுக்கிப்போட்டவை நிறையக் கிடக்கும், கடிதம் எழுதிக் கேளுங்கள், கொடுப்பார்கள். மிச்சப் பணத்துக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து ஒரு மூட்டை, பழைய டென்னிஸ் பந்து. நிஜப் பந்து அரை டஜன் போதும், அதுவும் உருட்டுவதற்கு மட்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளி மைதானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கோடையில் பாறை, மழை பெய்தால் நெருஞ்சி. இறுகிய தரையில் அயர்னை அடித்தால் அதிர்ச்சி நேராகப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு ஏறும். வாசலில் போடும் தடித்த கயிற்று மிதியடி வாங்கிப் போடுங்கள், அதன் நார் மேல் பந்து நன்றாக உட்காரும், ஸ்டிக்கும் வழுக்கிக்கொண்டு போகும். உருட்டுவதற்கு, வராந்தாவில் ஒரு ஜமுக்காளத்தை இழுத்து விரித்துவிடுங்கள், சிமென்ட் தரையை விட அது பந்தின் ஓட்டத்தை அழகாக அடக்கும். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு அட்டையில் வட்டம் வெட்டி ஜமுக்காளத்தின் கோடியில் வைத்தால் அதுதான் குழி. புல்லைத் தேடி எங்கும் அலைய வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்டிக் வாங்கும் முன் கயிறு வாங்குங்கள். அடிக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே ஒரே பிள்ளை, வெளியே மற்றவர்கள். பந்தால் படும் அடியை விட, ஸ்டிக்கைப் பின்னால் ஓங்கும்போது அங்கே நிற்கும் பிள்ளையின் முகத்தில் படும் அடிதான் பயங்கரம். பெரும்பாலும் அண்ணன் ஓங்கும்போது தம்பி பின்னால் போய் நிற்பான். நீங்கள் சொல்லும்வரை யாரும் பந்து பொறுக்கப் போகக்கூடாது. இந்த ஒழுங்கு வந்த பிறகு ஸ்டிக்கைக் கையில் கொடுங்கள்.

நான் படகு வேலை. மகளுக்கு ஒன்பது வயது. டிவியில் பார்த்துவிட்டு கோல்ஃப் கோல்ஃப் என்று நிற்கிறாள். தெரிந்தவர் ஒரு சின்ன ஸ்டிக் கொடுத்தார். வீட்டுக் கொல்லையில் பழைய வலையைக் கட்டி அடிக்க விடலாமா அண்ணே?
– ஒரு வாசகர், பாம்பன்

தாராளமாக விடலாம் தம்பி. கடைகளில் பயிற்சி வலை என்று விற்பதைவிட நல்ல வலை உங்கள் வீட்டிலேயே இருக்கும். எந்த வலை என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஒற்றை நைலான் நரம்பில் பின்னிய தங்கூசி வலை கூடாது. நரம்பு மெல்லிசு, வெயிலில் கிடந்தது என்றால் பந்து பட்டதும் அறுத்துக்கொண்டு போய்விடும். முறுக்கு நூலில் பின்னிய மடி வலைத் துண்டு இருந்தால் அதை எடுங்கள். கண் எவ்வளவு என்று அளக்க வேண்டாம். ஒரு கோல்ஃப் பந்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள், நுழையாமல் நிற்க வேண்டும். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி, அதனால் எந்தப் பந்தை வைத்துப் பார்த்தாலும் சரியாக இருக்கும். பிறகு நூலை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். பொடிந்தால் வெயில் தின்றுவிட்ட வலை, தூக்கிப் போடுங்கள்.

கட்டும்போது விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். விறைத்த வலை பந்தைத் திருப்பி மகள் மேலேயே எறியும். மேலே மட்டும் கயிற்றில் கோத்து, கீழே தரையில் ஒரு முழம் கிடக்கிற மாதிரித் தொங்கவிடுங்கள், இரண்டு மடிப்பாக. வலைக்குப் பின்னால் சுவர் ஒட்டி இருக்கக்கூடாது, ஒரு பாகமாவது (இரண்டு கையையும் விரித்த நீளம்) இடைவெளி வேண்டும். மகள் வலைக்கு முன் மூன்று மீட்டர் தள்ளி நிற்கட்டும். மேலேயும் அவள் தலைக்கு மேல் இரண்டாள் உயரம் வலை இருக்க வேண்டும், வெட்ஜில் அடித்த பந்து நினைப்பதைவிட மேலே போகும். முதல் மாதம் முழுக்க பிளாஸ்டிக் பந்தே போதும்.

கொடுத்த ஸ்டிக் அவளுக்குச் சரியா என்பதைக் கீழக்கரைத் தங்கச்சிக்குச் சொன்ன இரண்டு சோதனையையும் செய்து பாருங்கள். கோல்ஃப் என்று நிற்கிறாள், நிற்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இந்தியாவின் அதிதி அசோக் ஐந்து வயதில் ஸ்டிக் பிடித்தவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்தார். மகளிடம் சொல்லுங்கள்.

அக்கா மகனைத் தனுஷ்கோடிப் பக்கம் ஆளில்லாத இடத்துக்குக் கூட்டிப்போய்க் கடலுக்குள் அடிக்க விடலாம் என்று நினைக்கிறேன். பழைய பந்துகள்தானே, போனால் போகிறது.
– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

வேண்டாம் தம்பி, ஒரு பந்துகூட வேண்டாம்.

கோல்ஃப் பந்து கடல் தண்ணீரில் மிதக்காது, மூழ்கும். கரைக்கும் ஒதுங்காது, அடியிலேயே உருண்டு உருண்டு தேயும். உள்ளே செயற்கை ரப்பரும் துத்தநாகச் சேர்மங்களும், வெளியே பிளாஸ்டிக் தோல். கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் மைதானத்தை ஒட்டிய கடலில் அலெக்ஸ் வெபர் என்ற பள்ளி மாணவி மூச்சடக்கி முங்கி முங்கிப் பந்துகளை எடுத்தார். அப்பாவும் நண்பர்களும் சேர்ந்துகொள்ள, இரண்டு வருஷத்தில் 50,000-க்கும் மேல் சேர்ந்தது. 2019-இல் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. சில பந்துகள் தேய்ந்து உள்நூல் பிரிந்து கிடந்தன.

நம் கடல் அதைவிட மென்மையானது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளும் பவளமும் கடல்புல்லும் சேர்ந்த மன்னார் வளைகுடா, 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடல் பசு மேய்வது அந்தப் புல்லில்தான். ஆளில்லாத இடம் என்று நீங்கள் நினைக்கும் தண்ணீருக்குள் பாசி எடுக்கும் பெண்கள் முங்கியிருப்பார்கள். 45 கிராம் பந்து தலையில் பட்டால் என்ன ஆகும்?

கடற்கரைக்குப் போங்கள், பந்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அலை இறங்கிய ஈர மணலில் கால்விரலால் ஒரு நீளக் கோடு போடுங்கள். பையன் அந்தக் கோடு தன் இரண்டு காலுக்கும் நடுவில் வரும்படி நின்று, பந்து இருப்பதாக நினைத்துச் சுழற்றட்டும். மணலில் விழுந்த தடத்தைக் குனிந்து பாருங்கள். தடம் கோட்டில் தொடங்கி, பந்து போகவேண்டிய பக்கமாக நீண்டிருந்தால் அடி சுத்தம். கோட்டுக்குப் பின்னாலேயே தோண்டியிருந்தால் உடம்பின் பாரம் பின்காலிலேயே தங்கிவிட்டது. ஓர் அடி முன்னே நகர்ந்து மறுபடி. பையனுக்கு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, தடத்தை அவனே பார்த்துத் திருத்திக்கொள்வான். பெரிய ஊர்களில் பணம் கட்டிப் பாய் மேல் நின்று அடிக்கும் பிள்ளைகளுக்கு இது கிடைக்காது. மணல் ஸ்டிக்கின் முகத்தைத் தேய்க்கும், அதனால் பழைய வெட்ஜ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மேட்டு மணலுக்கு ஏறாதீர்கள், ஆமை முட்டையிடும் இடம் அது. தோண்டியதைக் காலால் நிரவிவிட்டு வாருங்கள்.

பேரனுக்கு வாங்கிய ஸ்டிக் எல்லாம் ஆறே மாதத்தில் துருப் பிடித்துவிட்டது ஐயா. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
– ஒரு தாத்தா, தேவிபட்டினம்

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை ஐயா. உப்புக்காற்று ஒரு பக்கம். ஸ்டிக்கை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேட்டால் போர் தண்ணீர் என்றுதான் சொல்வீர்கள். நம் போர் தண்ணீரே பாதி உப்பு, அதில் கழுவிக் காயவிட்டால் உப்பைப் பூசிவிட்ட மாதிரிதான். குடிக்கிற நல்ல தண்ணி அரை டம்ளர், ஒரு துணி, அது போதும். நனைத்துத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, ஸ்டீல் பாகத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் தேய்த்துவிடுங்கள். தலைக்கு மாட்டும் உறையைக் கழற்றியே வையுங்கள், ஈரம் உள்ளே தங்கும். கிரிப்பை மட்டும் மாதம் ஒருமுறை சோப்பு போட்டுக் கழுவலாம்.

காருக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய கார் கொதிக்கிற கொதியில் தலையை ஷாஃப்ட்டோடு ஒட்டியிருக்கும் பசை இளகும். தலை ஆடுகிறதா என்று அடிக்கடி திருகிப் பாருங்கள், ஆடினால் அன்றே நிறுத்திவிட வேண்டும், சுழற்றும்போது கழன்று பறக்கும். இருக்கிற துருவை நுண்ணிய எஃகு நாரால் லேசாகத் தேய்த்தால் போய்விடும். அடுத்த முறை வாங்கும்போது கிராஃபைட் ஷாஃப்ட்டும் ஸ்டெயின்லெஸ் தலையும் கேளுங்கள். கிராஃபைட் துருப் பிடிக்காது.

கையுறை, கோல்ஃப் ஷூ கட்டாயமா?
– ஒரு வாசகி, சாயல்குடி

இல்லை. கான்வாஸ் ஷூவும் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும்தான் கட்டாயம். கை கொப்பளித்தால் பார்க்கலாம். வலது கை ஆட்டக்காரருக்குக் கையுறை இடது கையில்.

மகளுக்குப் பதினொரு வயது, 140 செ.மீ. விறுவிறுவென்று வளர்கிறாள். மாற்றி மாற்றி வாங்குவதற்குப் பதில் பெண்கள் செட்டையே ஒரே தடவையாக வாங்கிவிடலாமா? விடுமுறைக்கு எந்த மைதானத்துக்குக் கூட்டிப்போகலாம்?
– ஒரு வாசகி, உச்சிப்புளி

இப்போது வேண்டாம் அம்மா. பள்ளிச் சீருடையை வளருவாள் என்று இரண்டு விரல் கூட விட்டுத் தைப்போம், இதிலும் அந்த அளவுதான் சலுகை. ஓர் அளவு பெரியதாக வாங்கி கிரிப்பில் இரண்டு மூன்று செ.மீ. இறக்கிப் பிடிக்கலாம். அதற்கு மேல் இறக்கிப் பிடித்தால் மேலே மிஞ்சும் நுனி வயிற்றில் இடிக்கும். 155 செ.மீ. தொட்ட பிறகு, பெண்களுக்கான லேசான கிராஃபைட் செட்டைக் கையில் பிடித்துப் பாருங்கள், அதுவரை சிறுவர் செட். இந்த வயதில் ஒரு வருஷத்தில் எட்டு செ.மீ. கூட எகிறுவார்கள், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு வாருங்கள். இவளுக்கு ஹைப்ரிட்டோடு சாய்வு கூடிய சிறுவர் டிரைவர் ஒன்றும் இப்போது சேர்க்கலாம், வலு வந்திருக்கும்.

மைதானம் என்றால் கொடைக்கானல், கோவை, ஊட்டி, சென்னை. நமக்குக் கொடைக்கானல் தோது. போகும் முன் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: உறுப்பினர் அல்லாதவர் ஆடலாமா, பிள்ளைகளுக்கு எந்த நேரம், காலர் வைத்த சட்டை கட்டாயமா. முதல் நாளே 18 குழியும் நடத்தாதீர்கள். மலைச் சரிவில் அது பல கிலோமீட்டர் நடை. கடைசி இரண்டு மூன்று குழியை மட்டும் ஆட விடுகிறார்களா என்று, ஸ்டிக் பையைத் தூக்கி வரும் உதவியாளரான கேடியிடம் கேளுங்கள், கூட்டமில்லாத நேரமாக இருந்தால் விடுவார்கள்.